ஒன்பது நாள் புல்

கொலுவைப் பற்றி நான் படித்திருக்கும் கட்டுரைகள் எல்லாம் படிகளைப் பற்றியவை. படிகள் ஏன் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், மரப்பாச்சி ஏன் முதலில் ஏற வேண்டும், கலசம் எங்கே, தசாவதாரம் எங்கே என்ற ரீதியில் அவை போகும். கீழ்ப்படிக்கும் கீழே, தரையில், குழந்தைகள் பொறுப்பில் விடப்படுகிற நாலைந்து சதுர அடி நிலத்தைப் பொருட்படுத்தி எழுதியவர் யாரையும் நான் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் அதற்குப் பெயர் பார்க். பூங்கா என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, தோட்டம் என்றும் சொல்வதில்லை. இங்கிலீஷ் வார்த்தையே அதன் வயதைச் சொல்லிவிடுகிறது. படியில் இருப்பது புராணம். தரையில் இருப்பது நூற்றைம்பது வருஷத்துச் சொச்சச் சரித்திரம். அந்தச் சரித்திரத்தில் புல்லுக்கு உள்ள இடம்தான் என் விஷயம்.

பார்க்கின் உறுப்புகள் வீட்டுக்கு வீடு அதிகம் மாறுவதில்லை. காவேரி மணல் பரப்பு. அதில் பதித்த முகம் பார்க்கும் கண்ணாடி தெப்பக்குளமாகிவிடும். விளிம்பை மணலால் மறைத்துவிட்டால் கரை. ஒரு மூலையில் மலை. செங்கல்லை அடுக்கி, சேற்றில் முக்கிய சாக்கைப் போர்த்திச் செய்வார்கள். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், எஞ்சின் எரித்துக் கழித்த கருங்கட்டிகளைப் பொறுக்கிவந்து அடுக்கினால் அசல் பாறையாகவே இருக்கும். மலை உச்சியில் பிள்ளையார். மலைக்குள் குகை. குகைக்குள் நுழைந்து வெளிவரும் ரயில், சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில். இவற்றுக்கிடையே, மணல் தெரியாத இடமெல்லாம் புல்.

மலையும் உச்சியில் பிள்ளையாரும் என்றால் அது எந்த ஊர் என்று யோசிக்க வேண்டியதில்லை. 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டை மேல் நின்று வடக்கே பார்த்தால், காவேரிப் பாலத்தின் மேல் ரயில் ஒன்று ஸ்ரீரங்கத்தை நோக்கி ஊர்வது தெரியும். சப்தம் மேலே வந்து சேர்வதற்குள் வண்டி தென்னைகளுக்குள் போய்விடும். நிலம் சிறுத்து ஒரு சமனான பரப்பாகத் தெரிகிற அனுபவம் மற்ற ஊர்க்காரனுக்கு ஆகாயவிமானத்தில் கிடைக்கலாம். திருச்சிக்காரனுக்குப் படியேறினால் கிடைக்கும். சிறிய நிலம் செய்யும் கலையை இந்த ஊர்ப் பிள்ளைகள் யாரிடமும் கற்கவேண்டியிருக்கவில்லை.

ரயில் ஏன் கொலுவுக்குள் வந்தது என்பதற்கும் ஊரே பதில். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட பாதை 1861ல் தஞ்சாவூரையும் 1862ல் திருச்சியையும் எட்டியது. அதைப் போட்ட கிரேட் சதர்ன் கம்பெனி 1874ல் கர்நாடிக் கம்பெனியோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று. முதலில் அகலப் பாதையாகப் போட்டதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து மீண்டும் அகலப்படுத்தினார்கள். அசல் ரயிலே அளவு மாறி மாறி விளையாடியிருக்கிறது. 1920களின் பிற்பாதியில் விழுப்புரத்திலிருந்து நேர்வழியாக ஒரு பாதை வந்து, கொள்ளிடத்தையும் காவேரியையும் தாண்டி ஸ்ரீரங்கம் தீவைக் குறுக்கே அறுத்தது. 1928ல் நாகப்பட்டினத்துத் தொழிற்சாலை பொன்மலைக்கு வந்தது. 1951ல் தென்னக ரயில்வே உருவாகும்வரை அந்தக் கம்பெனிக்குத் திருச்சி தலைமையிடம். ஸ்ரீரங்கத்து வீதிகளிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு ரயில்வே ஆபீசுக்குப் போன குமாஸ்தாக்கள் எத்தனை பேர்! அந்த வீட்டுக் கொலுவில் ரயில் வைப்பது வேடிக்கைப் பொம்மை வைப்பதல்ல. படியில் குலதெய்வம் இருந்தது போல, தரையில் சம்பளம் கொடுத்த தெய்வம் ஓடிக்கொண்டிருந்தது.

இனிப் புல். மஹாளய அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் மணலோடு கொஞ்சம் எருவும் வண்டலும் கலந்து பரப்புவார்கள். கடுகையோ கேழ்வரகையோ வெந்தயத்தையோ ராத்திரி ஊறவைத்துக் காலையில் தூவ வேண்டும். கடுகு மூன்றாம் நாள் வெள்ளையாகத் தலைகாட்டும்; கேழ்வரகு இன்னும் ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும், ஆனால் புல் என்று சொல்லத் தகுந்தது அதுதான், மெல்லிசாக, நெருக்கமாக, ஒரே உயரத்தில் வரும். கையால் தெளித்தால்தான் தண்ணீர். ஊற்றினால் மணல் அரித்து, தண்டவாளம் சாய்ந்து, மறுநாள் ரயில் கவிழும். மூன்று நான்கு நாளில் பார்க் பச்சை பிடித்துவிடும். ஏழாம் நாள் சரஸ்வதி பூஜைக்காகப் புத்தகம் அடுக்குகிறபோது புல் தண்டவாளத்தின் மேல் சாயத் தொடங்கியிருக்கும். ஒன்பதாம் நாள் வெளிச்சம் போதாமல் வெளுத்து, நீண்டு, துவண்டு, தெப்பக்குளக் கண்ணாடியை மூடிவிடும். விஜயதசமி கழிந்து பொம்மைகள் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போகும்போது புல் மட்டும் போகாது. அது பசுமாட்டுக்கு, அல்லது ஆற்றுக்கு. கொலுவில் திரும்பி வராத ஒரே பொருள் அதுதான்.

ஸ்தூலமான காலம் கொலுவில் எங்காவது உண்டென்றால் அது இந்தப் புல்லில்தான் உண்டு என்று நினைக்கிறேன். படியில் இருக்கும் தசாவதாரத்துக்கு எந்த நாளும் ஒன்றே. புல்லைப் பார்த்தால் இன்று எத்தனையாவது நாள் என்று சொல்லிவிடலாம்.

இந்த விதைப்பு குழந்தைகளின் தன்னிச்சையான கண்டுபிடிப்பு என்று தோன்றலாம். ஆனால் இந்தக் காரியத்துக்கு நம்மிடம் வேறு பெயர்களும் உண்டு. கோயில் உற்சவம் தொடங்குமுன் நவதானியத்தைப் பாலிகைகளில் விதைப்பது ஆகம விதி, அங்குரார்ப்பணம் என்பார்கள். கல்யாண வீட்டில் சுமங்கலிகள் பாலிகை தெளிப்பார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்திலேயே முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகிறார்கள். ஊர்த் திருவிழாவில் முளைப்பாரி தூக்கிச் சென்று நீரில் விடுவார்கள். மராட்டியத்திலும் வடக்கிலும் இதே நவராத்திரியில் கலசத்தைச் சுற்றி மண் பரப்பி வாற்கோதுமையோ வேறு தானியமோ விதைத்து ஒன்பது நாள் வளர்ப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்பது என் வாதமல்ல. விதைத்து, முளைத்ததைப் பார்த்து, நீரில் விட்டுவிடுவது என்ற காரியம், வயற்காட்டுப் பெண்கள் செய்தால் வழிபாடாகவும் அக்ரகாரத்துப் பிள்ளைகள் ரயிலைச் சுற்றிச் செய்தால் விளையாட்டாகவும் பெயர் பெறுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இதே காலத்தில் மேற்கே பொம்மை ரயிலைச் சுற்றி வேறு ஒரு புல் உருவாகிக்கொண்டிருந்தது. 1891ல் ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி, தண்டவாள இடைவெளிகளை வரிசையாக வரையறுத்து, துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போகக்கூடிய ரயில்களை லைப்சிக் சந்தையில் வைத்தது. இந்த ரயில்கள் முதலில் ஓடியது வரவேற்பறைக் கம்பளத்தின் மேல். புல் என்ற எண்ணமே அப்போது இல்லை. கம்பளத்தில் பூ வேலை இருந்தால் ரயில் பூவின் மேல் போயிற்று. 1911ல் எச்.ஜி. வெல்ஸ் தரையில் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு சிறு புத்தகமே போட்டார். தரை சமமாக, பொம்மைச் சிப்பாய் விழாமல் நிற்கும்படி இருக்கவேண்டும் என்பதே அவருடைய கவலை. ரயிலை மேஜை மேல் நிரந்தரமாக ஏற்றிய பிறகுதான் பலகையை மறைக்க வேண்டிய அவசியம் வந்தது. மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துப் பசைமேல் தூவினார்கள். ஆஸ்பத்திரி லின்ட் துணியைப் பச்சையாக்கி, பஞ்சுப் பக்கத்தைப் பசையில் ஒட்டி, காய்ந்தபின் பிய்த்தெடுத்தால் பஞ்சு மட்டும் தங்கிப் புல்லாக நிற்கும். கம்பளத்துக்கு அடியில் போடும் நார்விரிப்பைச் சீவி உயரமான புல் செய்தார்கள். ரயில் முதலில் கம்பளத்தின் மேல் ஓடியது. பிறகு கம்பளமே புல்லாக வேஷம் கட்டியது. 1946ல் தொடங்கிய ஃபாலர் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் புல்லைப் பாய் போலச் சுருட்டி விற்றன. பிற்பாடு மின்னேற்றிய சல்லடையிலிருந்து நைலான் இழைகளை உதிர்த்து, பசைமேல் ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கச் செய்யும் முறையும் வந்தது.

இதையெல்லாம் நடத்தியது ஓர் ஒழுக்கம். அளவு. இந்த ரயில்களில் அதிகம் பழக்கமான விகிதம் 1க்கு 87. அந்த அளவில் நம் மீட்டர் பாதையைச் செய்தால் தண்டவாளங்களுக்கிடையே பதினொன்றரை மில்லிமீட்டர் இருக்கும். புல்லுக்கும் அதே கணக்கு உண்டு. பத்து மில்லிமீட்டர் இழையுள்ள விரிப்பு அந்த விகிதத்தில் 87 சென்டிமீட்டர். அது புல்தரை இல்லை, இடுப்பளவு கோரை. இருபது மில்லிமீட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் அதற்குள் காணாமல் போய்விடுவார். வெட்டிவிட்ட புல்தரையின் மூன்று சென்டிமீட்டர் உயரத்தைக் காட்ட ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே போதும். இந்தக் கணக்கில் வளர்ந்த மேற்கத்திய ரசிகன் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக் கேழ்வரகுப் பயிரைப் பார்த்தால் நாலு மீட்டருக்கு மேற்பட்ட காடு என்பான்.

ஆனால் நம் பார்க்கில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. மளிகைக்கடைச் செட்டியார் ரயிலைவிட உயரம். பிள்ளையார் மலையில் பாதி. குளத்து வாத்து படகைத் தின்றுவிடும் போலிருக்கும். இதைத் திறமைக் குறைவு என்று சொல்வது பார்வைக் கோளாறு. கோயில் சுவரோவியத்திலும் ராஜா பெரிதாகவும் மந்திரி சிறிதாகவும் இருப்பார்கள். முக்கியத்துவம்தான் அங்கே அளவு. மேற்கத்திய மாதிரி ரயில் இடத்தைச் சரியாக அளந்து, காலத்தை ஒரு பிற்பகலில் நிறுத்திவைத்தது. நம் பார்க் இடத்தை அளக்கவே இல்லை. காலத்தை மட்டும் நாள் தவறாமல் நடக்க விட்டது. இரண்டும் வெவ்வேறு வகை யதார்த்தம்.

செயற்கைப் புல் விரிப்பு இந்த இரண்டுக்கும் வெளியிலிருந்து வந்தது. 1965ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரையிட்ட மைதானம் ஒன்றைத் திறந்தார்கள். கூரைக் கண்ணாடியின் கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கண்ணாடிக்கு வர்ணம் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சை அடித்துப் பார்த்துவிட்டு, 1966ல் மான்சாண்டோ கம்பெனியின் நைலான் புல்லை விரித்தார்கள். அதற்கு அந்த மைதானத்தின் பெயரே நிலைத்தது. பத்து வருஷம் கழித்து 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டபோது இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. புல் என்பது பின்னணிதானே என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தரை மாறினால் ஆட்டம் மாறுகிறது.

அந்தப் புல்லின் மலிவான வாரிசுதான் இன்று திருச்சிக் கடைகளில் கிராஸ் மேட் என்ற பெயரில் சதுர அடிக் கணக்கில் வெட்டித் தரப்படுவது. கல்யாண மேடை, பல்கனி, நகைக்கடைக் காட்சி ஜன்னல் எல்லாவற்றிலும் இருப்பது கொலுவுக்கும் வந்துவிட்டது. மணல் வேண்டாம், விதை வேண்டாம். பாயைப் போல உதறி விரித்து, மேலே தண்டவாளத்தை வைத்தால் ஐந்து நிமிஷத்தில் பார்க். முதல் நாளும் ஒன்பதாம் நாளும் ஒரே பச்சை. பிறகு சுருட்டி, பொம்மைகளோடு பரணில் போட்டுவிடலாம். இழை இருபது மில்லிமீட்டருக்குக் குறையாத ரகத்தைச் சில வீடுகளில் பார்த்தேன். அதில் ரயில் பெட்டியின் சக்கரங்களே தெரியவில்லை. இதற்கு மேற்கத்தியனின் அளவும் கிடையாது, நம்முடைய நாளும் கிடையாது.

இதைச் சொல்லிப் புலம்புவது சுலபம். ஒரு விஷயத்தை மறந்தால்தான் அது முடியும். பழைய பார்க்கைக் குழந்தைகள் கட்டினார்கள் என்று சொன்னேன். கவிழ்ந்த எருவைக் கூட்டியவர்கள், கூடத்தில் மிதிபட்ட மணலை தினமும் பெருக்கியவர்கள், ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் செய்து, வருகிறவர்களுக்கு வெற்றிலைபாக்கு எடுத்து வைத்துவிட்டு, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு புல்லுக்கு நீர் தெளித்தவர்கள் பெண்கள். ஆபீஸ் முடிந்து வந்து புல் என்னமாய் வளர்ந்திருக்கிறது என்று ரசித்தவர்கள் ஆண்கள். கிராஸ் மேட்டை முதலில் வாங்கியவர்கள் அந்தப் பெண்களின் பெண்களாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர்களுக்கு மிச்சமான நேரம் நிஜமான நேரம். என்னுடைய அழகியல் வருத்தத்துக்கு அவர்கள் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. முளைத்த புல்லும் சிலவற்றை மறைத்தது. 1928 ஜூலையில் சவுத் இந்தியன் ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் முதலியவர்கள் சிறைக்குப் போனார்கள். 1946 செப்டம்பர் 5ந் தேதி பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். இன்றும் அந்தத் தேதியில் பொன்மலைச் சங்கத்திடலில் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. அதற்கு அடுத்த சில வாரங்களில் நவராத்திரி வந்திருக்கும். 1974 மே மாதம் நாடு முழுக்க மூன்று வாரம் ரயில்கள் நின்றன. அந்த வருஷத்துக் கொலுக்களில் நான் பார்த்த ரயில்கள் எல்லாம் வழக்கம்போல ஓடின. குகைக்குள் நுழைந்தன, வெளியே வந்தன. பார்க்கில் ஸ்டேஷன் உண்டு, சிக்னல் உண்டு, பயணிகள் உண்டு. பாதை போடும் கூலிக்காரன் பொம்மையை நான் பார்த்ததே இல்லை. குமாஸ்தா வீட்டு ரயிலில் பொன்மலை இல்லை. புல் பசுமையாக இருந்தது என்பதற்காக அந்த நிலத்தை முழு உண்மை என்று சொல்லிவிட முடியாது.

மாதிரி நிலத்தால் உண்மையைத் தாங்கவே முடியாது என்பதும் இல்லை. ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர் 1925ல் இங்கிலாந்துக்கு வந்தார். அவர் கண்ணெதிரே கிராமத்துக் கூரைவீடுகள் மாறிக்கொண்டிருந்தன. அவற்றை அளந்து, வர்ணம் குறித்து, 1க்கு 76 என்ற விகிதத்தில் ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார். 1954ல் அது பெண்டன் மியூசியமாயிற்று. அங்கே இருப்பது 1930களின் ஒரு பள்ளத்தாக்கு. ரயில் அதற்கு ஒரு சாக்கு. அழிவதை அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் அந்தப் புல்லுக்கு அடியில் இருக்கிறது. எங்கள் கேழ்வரகுப் புல்லுக்கு அந்தப் பதற்றம் இல்லை. அது தானே அழிந்து காட்டியது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள். அதனால் கேட்கிறேன். நம் கதைகளில் வருகிற நிலம் எந்த வகையைச் சேர்ந்தது? ஒரு காவேரிக்கரை, ஒரு தென்னந்தோப்பு, 'பச்சைப்பசேல் என்ற வயல்' என்று விரித்துவிட்டு அதன் மேல் பாத்திரங்களை ஓட்டுகிறோம். அந்தப் பசேல் கதையின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் மாறாமல் இருக்கிறது. என்ன மாதம், என்ன பயிர், யார் நட்டது, எப்போது பழுக்கும் என்று கேட்டால் பதில் இருக்காது. திணை வகுத்தவர்கள் சின்ன நிலம் செய்யத் தெரிந்தவர்கள்; ஒரு பூ, ஒரு பறவை, ஒரு பறை இவ்வளவில் ஒரு நிலத்தை நிறுத்தினார்கள். ஆனால் அதற்குப் பொழுதையும் சேர்த்தே வகுத்தார்கள். மாலையும் கார்காலமும் இல்லாமல் முல்லை இல்லை. பொழுது போய்விட்ட திணை வெறும் விரிப்பு. அளவு தப்பலாம், செட்டியார் ரயிலைவிட உயரமாக இருக்கலாம், அதில் கலைக்கு நஷ்டமில்லை. எத்தனையாவது நாள் என்று தெரியாத பச்சைதான் நஷ்டம்.

பார்க்குகளைப் பற்றிய ஆவணம் என்று எதுவும் மிச்சமில்லாத நிலையில் இதை எழுதுகிறேன். வீடுகளில் இருக்கும் பழைய கொலுப் புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவருகிறேன். படிகளை மையத்தில் வைத்து எடுத்திருக்கிறார்கள்; கீழ்ப்படியோடு படம் முடிந்துவிடுகிறது. இரண்டு படங்களில் மட்டும் கீழ் விளிம்பில் மலையின் உச்சி தெரிகிறது. இன்றைய செல்போன் படங்களிலோ கிராஸ் மேட் முழுசாக விழுந்திருக்கிறது. கேழ்வரகு விதைத்த பெண்கள் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எந்த வீட்டில், எந்த வருஷம், என்ன விதை, ரயில் எந்தப் பக்கம் ஓடியது, மலையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று அவர்களிடம் கேட்டால் சொல்கிறார்கள். மேல வீதியிலும் உத்தர வீதியிலும் சில வீடுகளில் கேட்டுக் குறித்துவைத்திருக்கிறேன். மற்ற வீதிகள் பாக்கி இருக்கின்றன. பொன்மலைக் குடியிருப்பிலும் கேட்க வேண்டும். அங்கே கொலு வைத்த தொழிலாளி வீடுகள் இருந்தால், அந்தப் பார்க்கில் என்ன ரயில் ஓடியது, யார் அதை ஓட்டினார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தெரியவேண்டியது.